இளையோரும் போதைப் பழக்கமும்: பெற்றோருடன் ஒரு பேச்சு

சில காலத்துக்கு முன் ஒரு தாயார் தனது பதினைந்து வயது மகனுடன் எமது சிகிச்சை நிலையத்துக்கு வந்திருந்தார். மகன் தலையைக் குனிந்தபடி இருந்தான். தாயார் கைப்பையிலிருந்து கைலேஞ்சியில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். பார்த்தால் ஹைலைற்றர் பேனை போல இருந்த ஒரு வேப். “டொக்ரர், இவனுக்கு யூரின் ரெஸ்ற் ஒண்டு எழுதித் தாங்கோ. வேற என்னென்ன பாவிக்கிறான் எண்டு எனக்குத் தெரியவேணும்” என்றார்.

நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. அவருக்கு எங்கள் மீது கோபம். அந்தக் கோபத்துக்குப் பதிலாகவே இதனை எழுதுகிறோம்.

நிக்கொட்டினுக்கான சிறுநீர்ப் பரிசோதனை கடந்த சில நாட்களில் அது உடலுக்குள் போனதா என்பதை மட்டுமே சொல்லும். எவ்வளவு காலமாக, யாருடன், ஏன் என்பதைச் சொல்லாது. அத்துடன் அந்த அறையில் பிள்ளை எங்களைப் பொலிஸ்காரராகப் பார்த்துவிட்டால் அதன் பிறகு உண்மை வெளியே வராது. தாயாரை ஐந்து நிமிடம் வெளியில் இருக்கச் சொன்னோம். பிள்ளை தானாகவே சொன்னான்: எழும்பினவுடன் அது வேணும், இரண்டாம் பாடம் வரையில் தாங்கேலாது, அதுக்காகவே ரொய்லெட்டுக்குப் போறனான். இது கெட்ட சகவாசத்தின் கதையல்ல. நிக்கொட்டின் அடிமைத்தனத்தின் தெளிவான அறிகுறி. இதற்கு வைத்தியம் உண்டு. நிக்கொட்டின் பட்டை, சுவிங்கம் போன்றவற்றை இந்நாட்டில் பன்னிரண்டு வயதிலிருந்தே வைத்திய ஆலோசனையுடன் பாவிக்கலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரியாது.

“எங்கட பிள்ளை செலக்டிவ் ஸ்கூல், அவனுக்கு இதெல்லாம் வராது” என்று இன்னமும் சிலர் எண்ணுகிறார்கள். அவுஸ்திரேலிய மாணவர்களிடையே 2022-23 இல் நடந்த தேசிய ஆய்வில், 12 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 30 வீதமானோர் ஒரு தடவையாவது வேப் பாவித்திருந்தனர். 2017 இல் இது 14 வீதமாக இருந்தது. 2024 யூலை 1 முதல் வேப் விற்பனை பாமசிகளுக்கு மட்டும் என்று சட்டம் வந்துவிட்டது. ஆனால் களவு விற்பனை நிற்கவில்லை. எங்கள் பிள்ளைகள் படிப்பதும் அதே பாடசாலைகளில்தான். எச்.எஸ்.சி. நெருங்கும்போது, கவனக்குறைவுக்காக வேறொரு பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த குளிசையை வாங்கி விழுங்கிவிட்டு விடிய விடியப் படிக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகளும் உண்டு. அதை வீட்டில் யாரும் போதை என்று நினைப்பதில்லை. லைற் எரிகிறது, பிள்ளை படிக்கிறது என்று சந்தோஷப்படுகிறோம்.

எங்கள் சமூகம் விசேடமாகக் கவனிக்கவேண்டிய ஒன்று ‘நாங்ஸ்’. கேக்குக்குக் கிறீம் அடிக்கப் பயன்படும் சிறிய உலோகக் குப்பிகளில் உள்ள நைட்ரஸ் ஒக்சைட் வாயு இது. பலூனில் பிடித்து உறிஞ்சுவார்கள். ஒரு நிமிடத்தில் மயக்கம் கலைந்துவிடும் என்பதால் ஆபத்தில்லை என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். உண்மையில் இந்த வாயு உடலிலுள்ள விற்றமின் பி12 ஐச் செயலிழக்கச் செய்கிறது. பி12 இல்லாவிட்டால் நரம்புகளின் உறை கெடும். காலில் விறைப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, பிறகு நடையில் தள்ளாட்டம். முள்ளந்தண்டுக்குள் செல்லும் நரம்புவடம் பாதிக்கப்பட்டால் முழுதாகத் திரும்பிவராமலும் போகலாம். மரக்கறி மட்டும் உண்ணும் எமது குடும்பங்களில் பி12 ஏற்கெனவே குறைவாக இருப்பது சாதாரணம். ஆகவே வெள்ளைக்காரச் சிநேகிதனுக்கு ஒன்றும் செய்யாத அளவு எங்கள் வீட்டுப் பிள்ளையை விழுத்தக்கூடும். கால் விறைக்கிறது என்று பிள்ளை சொன்னால் சப்பாத்து இறுக்கம் என்று விட்டுவிடாமல் கூட்டிவாருங்கள். வீட்டில் கிடக்கும் சத்துக் குளிசையைக் கொடுத்துச் சமாளிக்கவும் வேண்டாம்.

இனிப் பெரியவர்களாகிய எங்கள் பக்கம். சாமத்தியவீடு, பிறந்தநாள் எதுவானாலும் மண்டபத்தின் பின்பக்கம் காரின் டிக்கி திறந்திருக்கும், உள்ளே விஸ்கி. “தம்பி, ஓடிப்போய் ஐஸ் எடுத்துக்கொண்டு வா” என்று அனுப்பப்படுவது பதின்மூன்று வயதுப் பையன். பதினெட்டு வயதுக்குட்பட்டோர் மதுவைத் தொடவே கூடாது என்று தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வு மன்றம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல் சொல்கிறது. அதைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுபவரின் வாயிலும் மணம் வந்தால் பிள்ளை என்ன நினைக்கும்? பெரியவர்கள் குடிக்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஐஸை நாங்களே போய் எடுக்கலாம்.

இன்னொன்று, எங்களுக்கே கசப்பானது. “நாங்கள் ஷெல்லுக்குள்ளால தப்பி வந்தனாங்கள், உனக்கு இஞ்ச என்ன குறை?” அகதியாக வந்த வைத்தியர்களாகிய எங்கள் வாயிலிருந்தும் இந்த வசனம் எத்தனையோ தடவை வந்திருக்கிறது. அது பொய்யல்ல. ஆனால் அதைக் கேட்ட பிள்ளை தன் கவலையை அத்துடன் மூடிவைத்துவிடும். நித்திரை வராததையும், பாடசாலையில் தனித்துப் போனதையும் சொல்ல வந்த பிள்ளைக்கு, தன் துன்பம் தராசில் நிற்காது என்று தெரிந்துவிடுகிறது. பிறகு அதை மறக்க வேறு வழி தேடுகிறது.

பைக்குள் ஏதும் அகப்பட்டால் அன்றிரவே விசாரணை வைக்காதீர்கள். காரில் போகும்போது பேசுவது நல்லது; முகத்தைப் பார்க்கவேண்டிய அவசியம் இருக்காது. “இது உனக்கு என்ன செய்யுது? எப்ப தேவைப்படுது?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். எங்களுக்கே இது கஷ்டம்.

ஒரு ஒப்பந்தமும் செய்துகொள்ளுங்கள். எந்த இரவானாலும், எந்த நிலையிலானாலும் போன் எடுத்தால் வந்து ஏற்றுவோம். கேள்விகள் அடுத்த நாள் பின்னேரம்தான். சிநேகிதன் மயங்கிக் கிடந்தால் “படுத்து எழும்பினால் சரியாகிவிடும்” என்று விட்டுவிடாமல், பக்கவாட்டில் சரித்துக் கிடத்தி, உடனே 000 ஐ அழைக்கவேண்டும் என்று சொல்லிவையுங்கள். அம்புலன்சில் வருபவர்கள் உயிரைக் காக்க வருபவர்கள், பிடித்துக்கொடுக்க வருபவர்களல்லர். அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் கழியும் அரை மணித்தியாலம்தான் எங்களுக்கு மிகவும் பயம்.

தமிழ் டொக்ரரிடம் போனால் கோயிலில் கதை வந்துவிடும் என்று பிள்ளைகள் அஞ்சுகிறார்கள். உயிருக்குப் பாரதூரமான ஆபத்தோ, துன்புறுத்தலோ இருந்தாலொழிய அவர்கள் சொல்வதை நாங்கள் பெற்றோரிடம்கூடச் சொல்வதில்லை. பதினைந்து வயதானவர்கள் தமக்கென்று தனி மெடிகெயர் அட்டை பெறலாம். இதைப் பிள்ளையிடம் நீங்களே சொல்லுங்கள். எங்களிடம் வர விருப்பமில்லாவிட்டால் தமிழரல்லாத வைத்தியரிடம் போகட்டும், எங்களுக்கு மனவருத்தம் இல்லை.

அந்தத் தாயார் மூன்று கிழமை கழித்து மகனுடன் மறுபடி வந்தார். இம்முறை நாங்கள் சொல்வதற்கு முன்பே எழுந்து வெளியில் போய் இருந்துகொண்டார்.

தேவைப்படுவோருக்கு: 12 முதல் 25 வயதானோருக்கு ஹெட்ஸ்பேஸ் நிலையங்கள் உண்டு. கிட்ஸ் ஹெல்ப்லைன் 1800 55 1800. மது, போதைப்பொருள் பற்றிய தேசியத் தொலைபேசிச் சேவை 1800 250 015. இதற்குப் பெற்றோரும் எடுக்கலாம். தமிழில் பேச விரும்பினால் முதலில் 131 450 க்கு எடுத்து மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கவேண்டாம்.