கல்லறைக் கல்லும் துவைக்கிற கல்லும்

போன மாசம் ஊருக்கு (தேசூர்தான், வேற எது) போனப்ப ஒரு நாள் லீவு மிச்சம் இருந்துச்சு. ஆரணியில வண்டி மாறி வேலூர் போயிட்டேன். கோட்டைக்குள்ள இருக்கிற செயின்ட் ஜான்ஸ் சர்ச், 1846ல கட்டினது. அதைப் பார்த்துட்டு, வெளியே இருக்கிற பழைய கல்லறைத் தோட்டத்துக்கும் போய் வந்தேன்.

படத்தை வாட்ஸப் குழுவுல போட்டதுதான் தாமதம். காலேஜ் நண்பன் ஒருத்தன், "வெள்ளைக்காரனைப் புதைச்ச இடத்துல உனக்கென்னடா வேலை? இடிச்சுட்டு உருப்படியா எதாவது கட்டலாம்"ன்னான். இன்னொருத்தன், "சூப்பர் மச்சி, இங்கிலாந்து கிராமத்து சர்ச் மாதிரியே இருக்கு"ன்னான். ரெண்டு பேர் மேலயும் கடுப்பு. அதான் இந்தப் பதிவு.

முதல்ல இடிக்கச் சொல்ற கட்சி. அந்தத் தோட்டத்துல 1806 ஜூலை 10ஆம் தேதி செத்துப்போன 69வது ரெஜிமென்ட் ஆளுங்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கு. அவங்களைக் கொன்னது யாரு? நம்ம சிப்பாய்ங்க. 1805 நவம்பர்ல உத்தரவு போட்டான்: நெத்தியில குறி வைக்கக்கூடாது, தாடியை எடுக்கணும், தோல் வெச்ச புதுத் தொப்பியைப் போடணும். எட்டே மாசத்துல கோட்டை வெடிச்சுது. வெள்ளைக்காரப் பக்கம் நூத்துக்கும் மேல காலி. ஆற்காட்டுல இருந்து குதிரைப்படை வந்து அடக்கினதுல சிப்பாய்ங்க பல நூறு பேர் செத்தாங்க. அப்புறம் நடந்த விசாரணையில ஆறு பேரை பீரங்கி வாயில கட்டி சுட்டாங்க, அஞ்சு பேரைத் துப்பாக்கியால சுட்டாங்க, எட்டு பேரைத் தூக்குல போட்டாங்க.

"சிப்பாய்க்கு இல்லாத கல்லறை அவனுக்கு மட்டும் எதுக்கு?" நியாயமான கேள்விதான். எனக்கும் அங்க நிக்கும்போது வயிறு எரிஞ்சுது. பீரங்கியில கட்டினவனுக்குப் புதைக்க உடம்பே மிஞ்சியிருக்காது. ஆனா யோசிங்க மக்களே. 1857க்கு 51 வருஷம் முன்னாடியே தெற்குல ஒருத்தன் எதிர்த்து நின்னான்னு நாம மேடைக்கு மேடை பேசறோம். அதுக்கு எதிரியே தன் கையால நட்டு வெச்ச சாட்சி அந்தக் கல்லு. அதை இடிச்சா அழியறது வெள்ளைக்காரன் பெருமை இல்லை, நம்ம ஆளோட சண்டை. தனக்கு சாதகமான சாட்சியைத் தானே கலைக்கிற வாதியைப் பார்த்திருக்கீங்களா?

இப்ப 'சூப்பர் மச்சி' கட்சி. இவங்களுக்குப் பாசி பிடிச்ச கல்லும் சாய்ஞ்ச சிலுவையும் இருந்தா போதும், போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க. கல்லுல என்ன எழுதியிருக்குன்னு ஒருத்தரும் படிக்க மாட்டாங்க. இங்கிலாந்து கிராமத்து சர்ச்சோட விசேஷம் பாசி இல்லை சாமி, பேரேடு. ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாத்தையும் ஒவ்வொரு சர்ச்சும் எழுதி வைக்கணும்னு 1538லயே உத்தரவு. கூலிக்காரன் பேரும் அதுல வரும். கல்லு தேய்ஞ்சாலும் பேர் நிக்கும். அதே பழக்கத்துலதான் ஜே.ஜே. காட்டன்னு ஒரு அதிகாரி மதராஸ் மாகாணத்துக் கல்லறை வாசகங்களை எல்லாம் தொகுத்து 1905ல புத்தகமா போட்டார். காப்பி அடிக்கணும்னா இதை அடிங்க.

இதென்ன நமக்குப் புதுசா? எங்க திருவண்ணாமலை மாவட்டத்து செங்கம் பக்கம் பாருங்க. எந்த ராஜா காலம், செத்தவன் யாரு, எந்த மாட்டை மீட்கப் போய் செத்தான், எல்லாம் கல்லுல இருக்கு. எடுத்தனூர்ல மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லுல எஜமானோட ஒரு நாயும் நிக்குது, பேரோட! தொல்லியல் துறை 1972ல 'செங்கம் நடுகற்கள்'னு புத்தகமே போட்டுச்சு. நாய்க்குப் பேர் வெட்டின ஊருய்யா இது.

இப்ப? ஒரு ஊர்ல (பேர் வேணாம்) சர்ச் பக்கத்துல ஒரு அக்கா கல்லறைப் பலகையில துணி துவைச்சுட்டு இருந்தாங்க. "ஏங்க்கா, இதுல எழுத்தெல்லாம் இருக்கே"ன்னேன். "ஆமா தம்பி, சொரசொரன்னு இருக்கு, அழுக்கு நல்லா போவுது"ன்னாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். அது கல்லுதான்னு அவங்ககிட்ட யாரும் படிச்சு சொல்லலை. படிச்ச நாம என்ன பண்ணினோம்?

கடைசியா ஒண்ணு. எங்க தாத்தா நாப்பது வருஷம் பட்டுத்தறியில உக்காந்தவரு. அவரு நெஞ்ச புடவையில ஒண்ணுலகூட அவர் பேர் கிடையாது. ஏரிக்கரையில புதைச்சாங்க, கல்லு வைக்கலை. இந்த தடவை அப்பாவைக் கூட்டிட்டுப் போய் இடத்தைக் காட்டச் சொன்னேன். ரெண்டு மூணு இடத்துல நின்னு பார்த்துட்டு, "இந்தப் பக்கந்தான்டா எங்கியோ"ன்னார். அறுபது வருஷம்கூட ஆகலை.

1806ல செத்த வெள்ளைக்காரன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியுது. எங்க தாத்தா எங்கன்னு தெரியலை. இதுக்கு அவன் கல்லை உடைக்கிறது பதில் இல்லை.

ஆகவே சக பதிவர்களே, அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப சர்ச், தர்கா, நடுகல், சுடுகாடு, எதுவா இருந்தாலும் ஒரே ஒரு கல்லையாவது எழுத்து எழுத்தா படிச்சு, தட்டச்சு பண்ணி, பதிவுல போடுங்க. கல்லே இல்லைன்னா வீட்டுப் பெருசுங்ககிட்ட பேரையாவது கேட்டு எழுதுங்க. நான் தாத்தா பேர்ல இருந்து ஆரம்பிச்சுட்டேன்.

டிஸ்கி: இடிக்கச் சொன்ன நண்பன் இதைப் படிச்சுட்டு "சரி, இடிக்க வேணாம்"னு மட்டும் சொல்லியிருக்கான். சண்டை தொடரும்.