சொன்ன தேதி என்னாச்சு?

தேதி சொல்வது சுலபம். சரக்கைக் கொண்டுவந்து வைப்பதுதான் கஷ்டம். பெரிய கம்பெனிக்கும் இதே கதைதான்!

2003 ஜூனில் அமெரிக்காவின் ஆப்பிள் கம்ப்யூட்டர் கம்பெனித் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடை ஏறினார். ‘ஜி5’ என்ற புது சிப் பொருத்திய கம்ப்யூட்டரைக் காட்டினார். அதன் வேகம் 2 கிகாஹெர்ட்ஸ். 12 மாதத்தில் அதை 3 ஆக்குவதாக வாக்குக் கொடுத்தார்.

வருஷம் ஓடியது. வந்தது 2.5தான்! அதற்கே சூடு தாங்காமல், உள்ளே திரவம் ஓடவிட்டுக் குளிர வைக்க வேண்டியிருந்தது. மடியில் வைக்கும் கம்ப்யூட்டருக்கோ ஜி5 வரவே இல்லை.

ஆப்பிள் ரசிகர்கள் என்ன செய்வார்கள்? "இதோ வருது, அதோ வருது" என்று வதந்திக்கு மேல் வதந்தி. இன்று வாங்கினால் நாளைக்கே புதுசு வந்துவிடுமோ என்ற பயம். கையில் பணம் இருந்தும் பழைய மிஷினோடு மல்லுக்கட்டினார்கள்.

2005 ஜூனில் அதே ஜாப்ஸ், சொன்னதைச் செய்ய முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார். இன்டெல் சிப்புக்கு மாறப்போவதாக அறிவித்தார். 3 கிகாஹெர்ட்ஸ் வந்து சேர்ந்தது 2006 ஆகஸ்டில், இன்டெல் தயவில்!

தாமதம் ஆனதைக் குற்றம் சொல்ல முடியாது. சிப் செய்வது லேசுப்பட்ட வேலை அல்ல. ஆனால், ஜி5 சிப்பைச் செய்தது ஐ.பி.எம். கம்பெனி, தேதி குறித்தது ஆப்பிள்! அடுத்த வீட்டு அடுப்பில் வேகும் சோற்றுக்கு இந்த வீட்டில் இலை போடலாமா? பசியோடு உட்கார்ந்தவன் கதி என்ன?

சரக்கு கைக்கு வரட்டும். பிறகு தேதி சொல்லட்டும். காத்திருப்பவனுடைய காசும் காலமும் ஓசியில் வந்தவை அல்ல!