அண்டாவின் விளிம்பில் ஒரு பெயர்

நம் குடும்பங்களில் வம்சாவளி எழுதப்படுவது பெரும்பாலும் சொத்து வழக்கின் நிமித்தமாகவே. பாகப்பிரிவினைக்கான பிராதுடன் இணைப்பதற்காக, மூலபுருஷரை உச்சியில் வைத்து, அவருக்குக் கீழே கோடு கோடாகப் புத்திர பௌத்திரர்களை இறக்கி, வக்கீல் குமாஸ்தா ஒரு முழுக் காகிதத்தில் வரைந்து தரும் அந்தப் படமே பல வீடுகளில் முன்னோரைப் பற்றி எஞ்சியிருக்கும் ஒரே லிகிதம். வழக்கு முடிந்ததும் அதுவும் கட்டோடு பரணுக்கு ஏறிவிடுகிறது. வியாஜ்யம் இல்லாதவர்களும் இப்படி ஒன்றை எழுதி வைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்; ஆனால் குமாஸ்தாவின் முறையில் அல்ல.

எங்கள் வீட்டில் பாட்டனார் காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று உண்டு. நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, கிணற்றுத் தண்ணீரில் யாருக்கு எத்தனை நாள் முறை, வரப்போரத் தென்னை எத்தனை என்றெல்லாம் வழுவில்லாமல் சொல்லும் அந்தப் பத்திரம், என் கொள்ளுப்பாட்டியாரைக் குறிக்க நேர்ந்த ஒரே இடத்தில் ‘மேற்படியார் பாரியாள்’ என்று எழுதிவிட்டு அப்பால் போய்விடுகிறது. அவள் பெயரை நான் விசாரிக்காத கிழவர் இல்லை. கடைசியில் அது அகப்பட்டது, கொல்லைப்புறத்தில் தவிடு போட்டு வைத்திருந்த பித்தளை அண்டாவில். புளி போட்டுத் தேய்க்கச் சொல்லி, வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது, விளிம்பின் கீழே உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டிய எழுத்துகளில் அவளுடைய தகப்பனார் பெயரின் முதலெழுத்தும் அவள் பெயரும் தெரிந்தன. சீர்ப் பாத்திரம் புகுந்த வீட்டுப் பாத்திரங்களோடு கலந்துவிடக் கூடாதே என்ற பிறந்த வீட்டாரின் முன்ஜாக்கிரதைதான், சாஸனமாக நின்று, பத்திரம் செய்யாததைச் செய்திருக்கிறது!

கொள்ளுப்பாட்டன் தலைமுறையில் ஒவ்வொருவருக்கும் முன்னோர் எட்டுப் பேர். குமாஸ்தாவின் காகிதத்தில் ஏறுகிறவர் அவர்களில் ஒருவர். 1989-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தத்தால் தமிழ்நாட்டிலும், 2005-இல் தேசம் முழுவதிலும் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு ஏற்பட்டபின் புத்திரிகளின் பெயரும் அதில் இடம் பெறுகிறது என்பது உண்மையே. தாய்வழிப் பாட்டிகளுக்கு இன்னும் இடமில்லை. திவசத்தன்று புரோகிதர் மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்கும்போது நாம் தடுமாறுவதும் பெரும்பாலும் பாட்டிமார் பெயரில்தான்.

மாமன் மகளை மணந்தவரின் குழந்தைகளுக்கு அந்த எட்டு, ஆறாகக் குறையும். ஒரே தம்பதி இரண்டு வழியாகவும் வந்து நிற்பார்கள். கிளை திரும்பி வந்து ஆலம்விழுதாக ஊன்றுவதைக் கண்டு, படம் பிசகிவிட்டதென்று அழித்துவிட வேண்டாம். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் நம் வழக்கத்தால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு மறுபடி மறுபடி வருமாகையால், பெயரோடு பிறந்த ஊரையும் எழுதிக்கொள்வது உத்தமம்.

குடும்பத்தில் வயதான அத்தையோ பெரியம்மாவோ இருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமையே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காருங்கள். பழைய பித்தளையை எடைக்குப் போடுமுன் விளிம்பைத் தேய்த்துப் பாருங்கள்.