லீவு கேட்ட டிரைவரும் நான் கொடுத்த மெமோவும்

போன வாரம் மருமகள் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை அவளுக்கு. நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. ஊழியர்களின் மனநலம் கருதி வாரம் இரண்டு நாள் ஆன்லைனில் யோகா வகுப்பு, மாலை ஆறரை முதல் ஏழரை வரை, அனைவரும் தவறாமல் கலந்துகொள்ள வேண்டும்.

"மாமா, ஆறரைக்கு வகுப்பு. ஒன்பதரைக்கு அமெரிக்காக்காரங்களோட மீட்டிங். நடுவுல குழந்தைக்குச் சாப்பாடு. நான் எப்ப மாமா மூச்சை இழுத்து விடறது?" என்றாள்.

சிரித்துவிட்டேன். ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. நானும் ஒரு காலத்தில் இப்படிக் கடிதம் போட்டவன்தானே.

1990களின் தொடக்கத்தில் ஒரு போக்குவரத்துக் கழகத்தில் கிளை மேலாளராக இருந்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். எழுபது சொச்சம் பஸ், நூற்றெண்பது டிரைவர்கள். விடிகாலை நாலரை மணிக்கு டைம் கீப்பர் வந்து நிற்பார். "சார், இன்னிக்கு ஏழு பேர் சிக்."

வண்டி நிற்கக் கூடாது. ட்ரிப் கட் ஆனால் சாயங்காலமே தலைமை அலுவலகத்திலிருந்து போன் வரும். ஆகவே ராத்திரி கடைசி நடை முடித்து ஓய்வறையில் படுத்திருப்பவரை எழுப்பி, "அண்ணே, ஒரே ஒரு நடை" என்று கெஞ்சுவோம். வார ஓய்வில் இருப்பவர் வீட்டுக்கு ஆள் அனுப்புவோம். 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரம் ஒருநாள் ஓய்வு என்றது. அதன் சுருக்கத்தை என் அறைக்கு வெளியே சுவரில் மாட்டியிருந்தோம். அதற்குக் கீழே நின்றுகொண்டுதான் டபுள் டியூட்டி போடுவோம்.

டபுள் டியூட்டி பார்த்தவர் நாலாம் நாள் சிக். அவருக்குப் பதில் போனவர் அடுத்த வாரம் சிக். நான் என்ன செய்தேன்? மெமோ கொடுத்தேன். ஒரே மாதத்தில் நாற்பத்தோரு மெமோ. டிரைவர்களும் கணக்குப் போட்டார்கள். ஒருநாள் லீவு கேட்டால் கிடைக்காது, சொல்லாமல் நின்றால் மெமோ. அதற்கு டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கி ஒரேயடியாகப் பத்து நாள் படுத்துவிடலாமே! என் கண்டிப்பு சம்பாதித்துக் கொடுத்தது இதைத்தான். இதற்கிடையில் ஊழியர் நலனில் எனக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று ரத்த அழுத்தப் பரிசோதனை முகாம் ஒன்றும் நடத்தினேன். பஸ் ஓடுவது கெடக் கூடாது என்பதால் அவரவர் வார ஓய்வு நாளில் வரச் சொல்லிக் கடிதம்!

ஒரு டிரைவர். பத்தொன்பது நாள் தொடர்ந்து ஓட்டியவர், இருபதாம் நாள் சொல்லாமல் நின்றுவிட்டார். விளக்கம் கேட்டதற்கு ஒரே வரிதான் எழுதிக் கொடுத்தார்: 'மகளுக்குச் சடங்கு, மூன்று முறை லீவு கேட்டேன்.' 'விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை' என்று எழுதி ஒரு இன்கிரிமென்ட்டை வெட்டினேன். நிரந்தர வெட்டு. கடைசி மாதச் சம்பளம் வரைக்கும் கூடவே வருவது.

எனக்குக் கண் திறந்தது டைம் கீப்பரின் நோட்டால். படிப்பு பத்தாம் வகுப்புதான். யாரை எப்போது கூடுதல் டியூட்டிக்குக் கூப்பிட்டோம் என்று ஒரு பக்கம், யார் எப்போது சிக் என்று எதிர்ப்பக்கம் எழுதி வைத்திருந்தார். "பாருங்க சார், இந்த வாரம் சிக் போட்டவங்கல்லாம் போன வாரம் நாம ஓய்வைப் பறிச்சவங்க" என்றார். பேரைப் பேராகப் பார்த்தேன். முக்கால்வாசி சரியாக இருந்தது.

அதன்பின் வார ஓய்வில் கை வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். டியூட்டிப் பட்டியலை இரண்டு வாரம் முன்கூட்டியே ஒட்டினோம். ஆள் குறைந்தால் மத்தியானத்தில் காலியாக ஓடும் நடைகளை நாங்களே நிறுத்தினோம். முதல் மாதம் நரகம். ட்ரிப் கட் கூடியது. இந்த முறை மெமோ எனக்கு வந்தது! இரண்டாம் மாதக் கடைசியில்தான் ஏழு பேர் சிக் என்பது மூன்று, இரண்டு என்று இறங்கியது. இடையில் அந்த ஆறேழு வாரத்தைத் தாக்குப்பிடிக்க முடியாமல்தான் பல அதிகாரிகள் பழையபடி சாட்டையை எடுக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

ஓய்வு பெற்றபின் ஜே ஃபாரஸ்டர் என்ற அமெரிக்கரைப் பற்றிப் படித்தேன். எம்.ஐ.டி.யில் இருந்த மின் பொறியாளர். 1950களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தார் அவரிடம் ஒரு புதிரைச் சொன்னார்கள். கென்டக்கியில் அவர்களுடைய வீட்டுச் சாதனத் தொழிற்சாலைகளில் சில காலம் ஆள் போதாமல் கூடுதல் ஷிப்ட், சில வருஷத்தில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பும் நிலை. சந்தைதான் காரணம் என்று நினைத்திருந்தார்கள். ஃபாரஸ்டர் காகிதமும் பென்சிலுமாகக் கணக்குப் போட்டு, ஆள் எடுப்பதிலும் சரக்கு இருப்பு வைப்பதிலும் அவர்கள் வைத்திருந்த விதிகளே அந்த ஏற்ற இறக்கத்தை உண்டாக்கப் போதும் என்று காட்டினார். எனக்கு அந்த நோட்டு ஞாபகம் வந்தது.

இன்னொன்று, லண்டனில் அரசு ஊழியர்களை வைத்து 1967இல் தொடங்கிய ஆய்வு. உயர் அதிகாரிக்குத்தான் டென்ஷன், மாரடைப்பு என்று நாம் பேசிக்கொள்கிறோம். அங்கே கடைநிலை ஊழியர்களிடம்தான் இதய நோய்ச் சாவு அதிகமாக இருந்தது. மைக்கேல் மார்மட் என்ற மருத்துவர் 1985இல் தொடங்கிய அடுத்த கட்ட ஆய்வில், தன் வேலையின் மீது தனக்கே பிடி இல்லாதிருப்பது முக்கியமான காரணங்களில் ஒன்று என்று தெரிந்தது. நாளை மறுநாள் வீட்டில் இருப்போமா என்பதே தெரியாத டிரைவருக்கு ரத்த அழுத்தம் பார்த்து நான் என்ன கண்டுபிடித்திருப்பேன்?

ஏய்ப்பவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தார்கள். நாலைந்து பேர். அவர்களை எனக்கு முகம் தெரியும், டைம் கீப்பருக்கு ஜாதகமே தெரியும். அவர்களைப் பிடிக்க வைத்த வலையை நூற்றெண்பது பேர் மேலும் வீசினேன். அதைத்தான் அப்போது நிர்வாகத் திறமை என்று நினைத்திருந்தேன்.

ஒன்றரை வருஷத்தில் எனக்கு மாற்றல். எனக்குப் பின் வந்தவர் நல்ல மனிதர், என்னைவிடப் பொறுமைசாலி. ஆனால் அவருக்கும் மேலே மார்க் போடுவது ட்ரிப் எண்ணிக்கையை வைத்துத்தான். ஆறு மாதத்தில் டபுள் டியூட்டி திரும்பி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

கிளம்பும் முன் அந்த டிரைவரின் கோப்பை எடுத்து, தண்டனையைத் திரும்பப் பரிசீலிக்க மேலே எழுதியிருக்கலாம். அவரே அப்பீல் போடட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் போடவில்லை.

மருமகளிடம் இதையெல்லாம் சொன்னேன். ஒன்பதரை மீட்டிங்கை வாரத்தில் இரண்டு நாளாவது காலைக்கு மாற்ற முடியுமா என்று தன் மேலாளருக்கு எழுதியிருக்கிறாள். இன்னும் பதில் இல்லை. இதை நான் தட்டிக்கொண்டிருக்கும் இந்த நேரம் கூடத்தில் யோகா வகுப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. கேமராவை அணைத்துவிட்டு அவள் குழந்தைக்குப் பருப்பு சாதம் ஊட்டுகிறாள்.