குற்றக்கூண்டில் நிற்கவேண்டியவர் யார்?

2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஐதராபாத் நகரில் நெருப்புக்காய்ச்சல் புது வேடம் பூண்டது. குளோரம்பெனிக்கோல் முதல் செப்ட்ரியாக்சோன் வரை ஐந்து வகை மருந்துகளுக்கும் அக்கிருமி அடங்க மறுத்தது. வாயால் உட்கொள்ள எஞ்சியது அசித்ரோமைசின் ஒன்றே. உறவினரைக் காணச் சென்று மீண்டோருடன் அது இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் அடைந்தது.

உடனே பிரயாணியைக் குற்றஞ்சாட்டுவோர் உளர். நாம் கேட்கிறோம்: குடிநீர்க் குழாயிற் கழிவுநீர் கலக்கவிட்ட நிர்வாகமா குற்றவாளி, அந்நீரைப் பருகியவனா? வைத்தியரின் சீட்டின்றி மருந்து விற்கவிட்டதும் அதே அலட்சியமன்றோ? (ஒரே நஞ்சை ஓயாது தெளித்தால் பூச்சி பழகிவிடும் என்பதைக் கமக்காரர் அறிவர்.)

2019இல் பாகிஸ்தான் புதிய இணைப்புத் தடுப்பூசியை உலகிலேயே முதலாவதாகத் தன் குழந்தைகளுக்கான வழமைத் திட்டத்திற் சேர்த்தது. நன்று, குழாய்களையும் செப்பனிடட்டும். அங்கு செல்லும் எம்மவர் புறப்படுமுன் தடுப்பூசி ஏற்றிக்கொள்வாராக. கொதித்தாறிய நீரையே பருகுவாராக.