டேங்கில் ஊற்றும் மருந்து வால்வுக்குப் போகாது!

கேள்வி: 'மார்க்கெட்டுக்குப் போய்வரவும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடவும் பழைய டர்போ பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினேன். 80,000 கிலோமீட்டர் ஓடியது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு நிமிடம் உதறுகிறது, மிஸ்ஸிங் வருகிறது. சூடான பிறகு சரியாகிவிடுகிறது. பிக்கப்பும் மைலேஜும் குறைந்துவிட்டன. பெட்ரோலில் கலக்கும் கிளீனர் மூன்று பாட்டில் ஊற்றியும் பலன் இல்லை. 'ஹெட்டை இறக்கி முழு வேலை பார்க்க வேண்டும்' என்கிறார் மெக்கானிக். என்ன செய்வது?'
- ஒட்டன்சத்திரம் வாசகர்

பதில்: ஹெட்டை இறக்க அவசரப்பட வேண்டாம். குளிரில் உதறி, சூடானதும் அடங்குவது, இன்டேக் வால்வில் கரி படிந்ததற்கான அடையாளமாக இருக்கலாம். அதைச் சுத்தம் செய்ய ஹெட்டை இறக்கத் தேவையில்லை.

முதலில் உங்கள் வண்டி நேரடி இன்ஜெக்‌ஷன் வகைதானா என்று பாருங்கள். டி.எஸ்.ஐ., ஜி.டி.ஐ. என்ற எழுத்துகள் இருந்தால் அந்த வகை. டர்போ என்பதாலேயே நேரடி இன்ஜெக்‌ஷன் ஆகிவிடாது. வண்டியோடு வந்த கையேட்டில் தெளிவாக இருக்கும்.

சாதாரண பெட்ரோல் காரில் இன்ஜெக்டர், வால்வுக்கு முன்னால் இருக்கும் குழாயில் பெட்ரோலைத் தெளிக்கிறது. அது வால்வின் முதுகைக் கழுவிக்கொண்டே உள்ளே போகும். நேரடி இன்ஜெக்‌ஷனில், ஓட்டத்தில் 100 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. வால்வைக் கடந்து போவது காற்று மட்டும்தான்.

இதை நம் வயலில் வைத்துப் பாருங்கள். தெளிப்புநீர் பாய்ச்சினால் இலையில் இருக்கும் தூசியும் கழுவப்பட்டுவிடும். சொட்டுநீரில் தண்ணீர் நேராக வேருக்குப் போகும். இலைத் தூசி அப்படியே இருக்கும். உங்கள் இன்ஜின் சொட்டுநீர் மாதிரி.

இன்ஜினின் அடிப்பகுதியிலிருந்து வரும் ஆயில் ஆவியை, புகையாக வெளியே விடாமல் காற்றுக்குழாய்க்கே திருப்பி அனுப்பும் ஏற்பாடு எல்லாக் கார்களிலும் உண்டு. அந்த ஆவி சூடான வால்வில் ஒட்டி, வெந்து, கரியாக இறுகுகிறது. காற்று போகும் வழி குறுகுகிறது. டேங்கில் ஊற்றும் கிளீனர் பெட்ரோலோடு போவதால் இன்ஜெக்டர் முனைக்கும் சிலிண்டருக்கும் உதவலாம். வால்வின் முதுகை அது தொடவே தொடாது. நான்காவது பாட்டிலுக்குச் செலவு செய்யாதீர்கள்.

இனி இந்த வரிசையில் பாருங்கள்.

1. ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். பி0302 என்றால் இரண்டாவது. அந்த சிலிண்டரின் இக்னிஷன் காயிலை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் காயில்தான் கெட்டிருக்கிறது. ஸ்பார்க் பிளக்கையும் இப்படியே சோதிக்கலாம். பல நேரம் இத்தோடு வேலை முடிந்துவிடும்.

2. பிளக், காயில் நன்றாக இருந்தால், காற்றுக்குழாய் வழியாகச் சிறிய கேமராவை விட்டு வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். கரியை நீங்களே கண்ணால் பார்த்த பிறகு சுத்தம் செய்யச் சம்மதியுங்கள்.

3. கரி கெட்டியாக இருந்தால், இன்டேக் மேனிஃபோல்டை மட்டும் கழற்றி, வால்நட் ஓட்டுப் பொடியைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்யலாம். அந்தப் பொடி கரியைப் பெயர்க்கும்; உலோகத்தைக் கீறாது. வேலை நடக்கும் சிலிண்டரின் வால்வுகள் மூடியிருக்க வேண்டும். பொடியை முழுவதும் உறிஞ்சி எடுக்க வேண்டும். இந்த வசதி இல்லாத இடத்தில், கரைப்பானில் ஊறவைத்து பிரஷ்ஷால் தேய்த்தும் எடுப்பார்கள்.

இன்ஜின் ஓடும்போதே காற்றுக்குழாயில் ஸ்பிரே அடிக்கும் முறையும் உண்டு. மெல்லிய படிவுக்கு ஓரளவு உதவும். கெட்டிக் கரிக்கு வேண்டாம். பெயர்ந்த கட்டி டர்போவின் விசிறி இதழ்களில் போய் அடித்தால் செலவு பல மடங்காகும்.

இந்த வகை இன்ஜினில் பெட்ரோல் லைனை, அதன் அழுத்தத்தை முறையாக இறக்காமல் கழற்றவே கூடாது. பீய்ச்சும் பெட்ரோலால் காயமும் தீயும் நேரும். பழகியவரிடமே வேலையைக் கொடுங்கள்.

கரியை முழுக்கத் தடுக்க முடியாது. தள்ளிப்போடலாம். ஆயிலைக் குறித்த காலத்தில், கையேட்டில் சொன்ன தரத்திலேயே மாற்றுங்கள். குறைந்த தூரமே ஓடும் வண்டிக்கு கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது. மாதக் கணக்கையும் பாருங்கள். டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றாதீர்கள். ஆயில் ஆவியைத் திருப்பி அனுப்பும் பி.சி.வி. வால்வு பழுதாகியிருக்கிறதா என்று சர்வீஸின்போது பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்கும் கடைக்கும் இடையில் இரண்டு கிலோமீட்டர் ஓடி நிறுத்தும் வண்டியில், ஆயில் சூடாகும் முன்பே இன்ஜின் அணைந்துவிடுகிறது. ஈரமும் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும். வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். ஏற்கெனவே இறுகிய கரி இதனால் போகாது. ஆயில் கெடுவது குறையும்.

பழைய கார் வாங்க இருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், 'நாளைக்கு வருகிறேன், நான் வருமுன் ஸ்டார்ட் செய்யாதீர்கள்' என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். முதல் இரண்டு நிமிட உதறலைக் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.