கொல்லிமலைச் சாமையும் உடம்புக்குள் எரியும் அடுப்பும்

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனால் குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கும். ஒரு காலத்தில் அங்கே சரிவெங்கும் சாமையும் தினையும் கேழ்வரகும் கதிர் சாய்த்து நின்றன. இன்று பல சரிவுகளில் மரவள்ளிக் கிழங்குதான் நிற்கிறது.

"பயிர் மாறினால் என்ன? இரண்டும் வயிற்றை நிரப்பும் பொருள்தானே?" என்று சிலர் கேட்கலாம்.

வயிறு நிரம்பினால் மட்டும் போதாது. உடம்புக்குச் சக்தி எப்படிக் கிடைக்கிறது என்று தெரிந்துகொண்டால், வேறுபாடு விளங்கும்.

வெயிலைப் பிடிக்கும் இலை

உயிருள்ளவை எல்லாம் செல்களால் ஆனவை. செல் என்பது கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய அறை. இலையின் செல்களுக்குள் பச்சைப் பொட்டுகள் இருக்கின்றன. சூரிய ஒளியைப் பிடிப்பவை அவைதான். வேர் உறிஞ்சிய நீரையும், காற்றில் உள்ள கரியமில வாயுவையும் கொண்டு, அந்த ஒளியின் உதவியால் அவை சர்க்கரை செய்கின்றன. மிஞ்சிய சர்க்கரை மாவுப்பொருளாக மாறுகிறது. அதைச் சாமை தன் மணியில் சேர்த்து வைக்கிறது. மரவள்ளி தன் வேரில் சேர்த்து வைக்கிறது. ஆக, இரண்டுமே சேமித்து வைத்த வெயில்தான்!

சாமைக்கு இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. கரியமில வாயுவை வெளிச் செல்லில் பிடித்து, உட்செல்லுக்குள் நெருக்கித் தள்ளிவிடும். அதனால் இலைத் துளைகளை அகலத் திறந்து வைக்க வேண்டியதில்லை. நீர் வீணாவது குறைவு. நெல்லுக்கு இந்த வசதி கிடையாது. வானம் பார்த்த சரிவில் சாமை விளைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செல்லுக்குச் சில்லறை

உண்ட மாவு வயிற்றில் சர்க்கரையாகி, இரத்தத்தின் வழியே ஒவ்வொரு செல்லுக்கும் போகிறது. ஆனால் செல் அதை அப்படியே செலவு செய்ய முடியாது. பெரிய நோட்டைச் சில்லறை மாற்றுவது போல, அதை 'ஏ.டி.பி.' என்ற பொருளாக மாற்றிக்கொள்கிறது. பிராணவாயுவைக் கொண்டு சர்க்கரையின் ஒரு மூலக்கூறை முழுவதும் எரித்தால் சுமார் 30 ஏ.டி.பி. கிடைக்கும். பிராணவாயு இல்லாவிட்டால் இரண்டுதான்! கை அசைவதும், இதயம் துடிப்பதும், மூளை நினைப்பதும் இந்தச் சில்லறையால்தான்.

1929-ல் ஏ.டி.பி.யைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்று ஆராய்ந்தவர் அவர்.

விறகு மட்டும் போதுமா?

அடுப்பில் விறகை அடுக்கினால் மட்டும் சோறு வெந்துவிடுமா? தீக்குச்சி வேண்டும், ஊதுகுழல் வேண்டும். செல்லின் அடுப்புக்கும் அப்படியே. பி-1 வைட்டமின் இல்லாவிட்டால் சர்க்கரை பாதி வழியிலேயே நின்றுவிடும். நன்றாகத் தீட்டிய அரிசியையே நம்பி வாழ்ந்தவர்களுக்குப் பெரிபெரி நோய் வந்தது இதனால்தான். பிராணவாயுவைச் சுமந்து வரவும், அதைக் கொண்டு எரிக்கவும் இரும்புச் சத்து வேண்டும்.

மரவள்ளியிலிருந்து எடுக்கும் ஜவ்வரிசி ஏறக்குறைய வெறும் மாவு. விறகு உண்டு, தீக்குச்சி இல்லை. தவிடு முழுவதும் போகாத சாமையிலோ விறகோடு பி வைட்டமின்களும் இரும்பும் புரதமும் சேர்ந்தே வருகின்றன.

குற்றம் யாருடையது?

இதைச் சொல்லி மலைவாசிகளைக் குறை கூறுவது நியாயம் ஆகாது. மரவள்ளிக்குச் சேலம், நாமக்கல் வட்டார ஆலைகள் ரொக்கம் தருகின்றன. பிள்ளைகளின் படிப்புக்கும் மருந்துக்கும் பணம் வேண்டாமா? சாமையின் உமியோ லேசில் போகாது. உரலில் குத்திக் குத்திக் கை ஓய்ந்தவர்கள் பெண்கள். ரேஷன் அரிசி வந்தபோது அவர்கள் உலக்கையைச் சுவரில் சாத்தினார்கள் என்றால், அதில் தவறு என்ன?

ஆகவே உபதேசம் உதவாது, இயந்திரம் உதவும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் கொல்லிமலைக் கிராமங்கள் சிலவற்றில் உமி நீக்கும் இயந்திரங்கள் வந்தன. அது எல்லா ஊர்களுக்கும் எட்ட வேண்டும். பள்ளி விடுதிகளும் சத்துணவுக் கூடங்களும் மலைச் சாமையை நல்ல விலைக்கு வாங்க வேண்டும். 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியாயிற்று. விழா முடிந்தது, விலை கிடைக்க வேண்டாமா? மரவள்ளியை அடியோடு விட வேண்டும் என்பதில்லை. வீட்டுக்கு ஒரு காணிச் சாமையாவது நிற்கட்டும்.

காலம் தாழ்த்தக் கூடாது. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை என்று மலையில் பல வகைகள் உண்டு. விதைப் பானைக்குள் இருக்கும் மணியும் உயிருள்ளதே. அதன் செல்களும் மெல்ல மெல்ல மூச்சு விடுகின்றன. சேர்த்து வைத்த சக்தியைச் சிறுகச் சிறுகச் செலவழிக்கின்றன. சில ஆண்டுகள் விதைக்காமல் விட்டால் விதை செத்துப்போகும்.

செத்த விதையை எந்த மழையாலும் எழுப்ப முடியாது. அந்தச் சில ஆண்டுகளுக்குள் பானையில் உள்ள விதை மண்ணுக்குப் போக வேண்டும்!